மாங்கனிக்கு நடந்து போனீர்களா?

கண்ணு, அடுத்த மாதம் நீ டாக்டராக வார்டுக்குப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். உன் தாத்தாவின் தங்கை நான். 38 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். காரைக்கால் கோவில்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பார்வதீஸ்வரர் கோயில் மணி இப்போதுதான் அடித்து ஓய்ந்தது.

மருத்துவத்தை உன் ஆசிரியர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். உன்னிடம் வரப்போகிறவர்களில் நிறையப் பேர் வயதானவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு எதைச் செய்வது, எதை விடுவது என்று கட்டில் ஓரத்தில் நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் நான் பல தடவை தவறியிருக்கிறேன். அதை மட்டும் சொல்கிறேன்.

1. கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் வயதை அப்படியே நம்பாதே.

நம் ஊர்ப் பாட்டிமார்களிடம் வயது கேட்டுப் பார். "பிரெஞ்சுக்காரன் போனப்ப எனக்குக் கைப்புள்ள இருந்துச்சு" என்பார் ஒருத்தி. அவன் போனது 1954 நவம்பர் 1. "நாகப்பட்டினத்துப் புயல் அடிச்சப்ப நான் பாவாடை கட்டின பொண்ணு" என்பார் இன்னொருத்தி. அது 1952 நவம்பர் கடைசி. நான் பிறந்த வருடம். ஆதார் அட்டையில் இவர்களில் பலருக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். யாரோ கேட்டார்கள், யாரோ சொன்னார்கள், யாரோ எழுதினார்கள்.

ஒரு ராத்திரி நானும் அப்படி எழுதினேன். மயங்கிக் கிடந்த ஒரு அம்மாவுக்கு, கூட வந்த பையன் "தொண்ணூறு இருக்கும் சிஸ்டர்" என்றான். 90 என்று போட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோர் குரலும் தணிந்தது. அடுத்த கட்டிலுக்குச் சீக்கிரம் நகர்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் அக்காள் தானே பஸ் ஏறி வந்து சேர்ந்தார். அக்காளுக்கே எண்பது ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கேன், அதற்குப் பிறகுதான் சரியான மருந்து. அந்த மூன்று நாளைத் தின்றது என் பேனா.

2. படுத்துக் கிடப்பவரை மட்டும் பார்க்காதே. போன மாதம் நடமாடியவர் யார் என்று கேள்.

ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் வீசுவார்களே, அந்த மாங்கனித் திருவிழாதான் என் அளவுகோல். "இந்த ஆனிக்கு மாங்கனி பார்க்கப் போனீங்களா?" என்று கேட்பேன். "நடந்துதான் போனேன், ரெண்டு பழம் பிடிச்சேன்" என்பவர் ஒரு ரகம். "பேரன் வண்டியில கொண்டுபோய் விட்டான்" என்பவர் வேறு. "எங்கம்மா போறது, வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்" என்பவர் வேறு. "மாங்கனியா? வந்துட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டால், அந்தக் கட்டிலின் பக்கத்தில் நான் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன்.

நீங்கள் படிப்பதில் இதற்கு முறையான வடிவம் இருக்கிறது. கனடாவில் கென்னத் ராக்வுட்டும் அவர் குழுவினரும் 2005-இல் ஒரு தளர்ச்சி அளவுகோலை வெளியிட்டார்கள். முதலில் 7 படிகள், பிறகு 9. துடிப்பாக ஓடியாடுபவர் முதல் படி. கடைசிக் காலத்தில் இருப்பவர் ஒன்பதாவது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு விதி. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் இன்றைய கோலத்துக்குப் படி போடக்கூடாது. நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டுத்தான் போட வேண்டும். அமெரிக்காவில் லிண்டா ஃப்ரைட் குழுவினர் 2001-இல் ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: தானாக எடை குறைவது, ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி என்று பொருள். அந்த ஐந்தில் வயது இல்லை, கவனித்தாயா?

கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு மீன்கார அம்மாவை நிமோனியாவோடு தூக்கி வந்தார்கள். நனைந்த துணி மாதிரி கிடந்தார். எண்பது இருக்கும். கூட நின்ற சின்ன நர்ஸிடம், "இது தாங்காது" என்று முணுமுணுத்தேன். மகள் காதில் விழுந்துவிட்டது. "அம்மா முந்தாநாள் வரைக்கும் கூடை தூக்குச்சு சிஸ்டர்" என்றாள். அழவில்லை, தகவல் மாதிரிச் சொன்னாள். அந்த ஒரு வரிதான் எனக்குத் தேவையாக இருந்தது. நான் கேட்டிருக்கவே இல்லை. எட்டாம் நாள் அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனார்.

3. ஆனால் அளவுகோலை வாசற்கதவாக ஆக்கிவிடாதே.

2020 மார்ச்சில் கோவிட் வந்த வேகத்தில், பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு தீவிர சிகிச்சை யாருக்குப் பயன்படும் என்று பார்க்க அதே ராக்வுட் அளவுகோலைக் கையில் எடுக்கச் சொன்னது. சில நாட்களுக்குள் திருத்தம் போட வேண்டியிருந்தது: 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், நெடுங்காலமாக உடற்குறையோடு வாழ்பவர்களுக்கும் இதைப் போடாதீர்கள் என்று. போலியோவால் பிறர் உதவியோடு உடுத்துபவருக்கு அந்தப் படிக்கட்டில் பெரிய எண் விழும். அது தளர்ச்சி ஆகுமா? எண் உன்னைக் கட்டில் அருகே அழைத்துப் போகட்டும். அங்கே போனபிறகு நீயே பார்.

4. எலும்பை வைத்து உள்ளே இருப்பதை எடை போடாதே.

சின்ன வயதில் காரைக்கால் அம்மையார் படத்தைக் காட்டியபோது, "ஏன் பாட்டி பேய் மாதிரி இருக்காங்க?" என்று பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். புனிதவதி என்ற பெயரோடு இருந்த அம்மையார் தன் அழகை உதறிவிட்டுத் தானே கேட்டு வாங்கிய உருவம் அது. அவருடைய சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வற்றிய மார்பு, துருத்திய எலும்பு. கையில் தாளம், அந்த உடம்பு பாடிக்கொண்டிருக்கிறது! இறைவன் "அம்மையே" என்று அழைத்தது அந்த உருவத்தைத்தான் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வார்டில் மெலிந்த கிழவிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாளம் ஞாபகம் வரும்.

மதுரையில் ஜி. வெங்கடசாமி என்ற கண் மருத்துவர் 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் பாண்டிச்சேரிக் கிளைக்குப் போய்ப் பார்வை வாங்கி வந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் 93 வயதில் காலமானார். கடைசிவரை அந்த வளாகமே அவருக்கு வீடு. "இந்த வயசுல கண்ணு தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?" என்று யாராவது உன்னிடம் சொன்னால், பதிலை அந்தக் கண்ணுக்கு உரியவரிடம் கேள்.

5. "இந்த வயசுல எதுக்கு?" என்ற வார்த்தை உன் வாயில் வரவே கூடாது.

என் வாயில் வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவர். விழுந்த அன்று காலையில்கூட வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்தவர். மகன்கள் தயங்கி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பெரிய அனுபவசாலி மாதிரி, "இந்த வயசுல மயக்க மருந்து தாங்காது, படுக்க வச்சுப் பார்த்துக்குங்க" என்றேன். என்னைக் கேட்டது டாக்டரைக் கேட்டதற்குச் சமம் என்று நினைத்து அவரை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள் மல்லாந்தே கிடந்தார். முதலில் முதுகில் புண், பிறகு சளி கட்டியது, பிறகு பேச்சு நின்றது. எலும்பு முறிந்ததால் அவர் சாகவில்லை. நாங்கள் போட்ட படுக்கையால் செத்தார்.

இன்றைக்கு உன் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: இடுப்பெலும்பு முறிந்தால் உடம்பு இடம் கொடுக்கும் பட்சத்தில் ஓரிரு நாளுக்குள் அறுவை, மறுநாளே எழுந்து உட்கார வைப்பது. தளர்ந்தவருக்குக்கூட, புரட்டிப் போடும்போது கத்தாமல் இருக்கவாவது அது உதவும். அறுவையின் ஆபத்தைத் தராசில் வைக்கும்போது, சும்மா படுத்திருப்பதின் ஆபத்தையும் இன்னொரு தட்டில் வை. நான் ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

6. "வயசாயிடுச்சு" என்று வீட்டார் சொல்லும்போது, அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்.

பல வீடுகளில் அதற்கு "பணம் இல்லை" என்று பொருள். வெளியே சொல்ல வெட்கம். வயதின் மேல் போட்டுவிடுவார்கள். சில வீடுகளில் "கூட இருந்து பார்க்க ஆள் இல்லை" என்று பொருள். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே. தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள். 2024 அக்டோபர் கடைசியிலிருந்து 70 வயது ஆன எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. வய வந்தனா அட்டை என்று பெயர். அட்டை எடுத்தாயிற்றா என்று நீயே கேள். ஒரு அட்டையால் "வயசாயிடுச்சு" என்ற பேச்சே மறைந்துபோவதை நீ பார்ப்பாய்.

இன்னொன்று. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கு மூச்சு இரைத்தால் நடுராத்திரியில் கார் பிடிப்பார்கள். அதே வயதில் அவர் வீட்டிலேயே விதவையாக இருக்கும் தங்கைக்கு மூச்சு இரைத்தால் காலை வரை பொறுப்பார்கள். நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விதவைக்குச் சீக்கிரமே வயதாகிவிடுகிறது நம் வீடுகளில். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுத்து முதியவர்களை அனுப்பிவைத்த வழக்கம் உண்டு. அதைக் கேட்டுப் பதறுகிறோம். கேட்காமலே ஒரு கிழவிக்கு வைத்தியத்தை நிறுத்தும்போதும் நமக்கு அந்தப் பதற்றம் வர வேண்டும்.

7. பெரியவரைக் கேள். பிள்ளைகளைப் பிறகு கேட்கலாம்.

கேட்பதற்கு முன் பல் செட்டை மாட்டச் சொல், கண்ணாடியைக் கொடு, காது கேட்கும் பக்கமாக நில். பாதிப் "புத்தி மந்தம்" அதிலேயே போய்விடும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா தாத்தா. குடலில் கட்டி. மூன்று மகன்களும் கட்டிலின் கால்மாட்டில் நின்று, பாண்டிச்சேரியா தஞ்சாவூரா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல்; அந்த வண்டிப் பயணத்தையே ஒரு வைத்தியமாகக் கணக்கில் வைக்க வேண்டும், அதன் வலியோடு. காரைக்காலுக்கே ஜிப்மர் கிளை 2016-இல்தான் வந்தது. இது அதற்கு முன்னால் நடந்தது. தாத்தா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "அறுத்தா, திரும்ப நான் கடைத்தெருவுக்கு நடந்து போய் காபி குடிப்பேனா?" என்றார். வந்திருந்த டாக்டர் நேர்மையானவர். "சில மாசம் கழிச்சுப் போகலாம், போக முடியாமலும் ஆகலாம். வயித்துல பை வைக்க வேண்டி வரலாம்" என்றார். தாத்தா ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றார். எட்டு மாதம் இருந்தார். அதில் ஆறு மாதம் காபிக் கடைக்குப் போனார். பெரிய மகனுக்கு என்மேல் கடைசிவரை கோபம். வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, அதே பதிலைக் கேட்டுவிட்டு, அறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பார். அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

8. இரவில் பிதற்றுபவரைப் பைத்தியம் என்று எண்ணாதே.

அட்மிஷன் ஆன இரண்டாம் ராத்திரி, அமைதியான மனுஷர் திடீரென்று கத்துவார், ஊசியைப் பிடுங்குவார், செத்துப்போன மனைவியைக் கூப்பிடுவார். அப்படி ஒருவருக்குத் தூக்க ஊசி போட ஏற்பாடு செய்தேன், அடங்கினார். விடிந்து பார்த்தால் அடிவயிறு பானை மாதிரி. சிறுநீர் கட்டி நின்றிருக்கிறது. அந்த மனுஷர் அதைத்தான் இரவு முழுக்கக் கத்தியிருக்கிறார். மூத்திரம், மலம், வலி, காய்ச்சல், தாழ்ந்துபோன சர்க்கரை, புது மாத்திரை: இவற்றைப் பார்த்த பிறகே ஊசியைப் பற்றி யோசி. வீட்டிலிருந்து மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவரச் சொல். கட்டிலில் கொட்டு. ஒன்றுக்கொன்று பகையான மாத்திரைகளும், ஒரே மருந்து இரண்டு பெயரிலும் இருக்கும்.

முதியோரை இப்படிக் கவனிப்பது தனி வைத்தியம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியபோது, அவர்களுக்கு எதற்குத் தனிப் பிரிவு என்று நானே நினைத்தவள். 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறந்தபோது, அன்று நினைத்ததை எண்ணி வெட்கப்பட்டேன்.

9. அன்பு கண்ணை மறைக்கும்போது, யாராவது உன் கையைப் பிடிக்கட்டும்.

இதை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

என் அம்மாவுக்கு, உன் கொள்ளுப்பாட்டிக்கு, 86 வயது. ஐந்து வருடமாக மறதி நோய். முதலில் தெரு மறந்தது, பிறகு நான் யாரென்று மறந்தது, கடைசியில் சாதத்தை வாயில் வைத்தால் விழுங்க வேண்டும் என்பதும் மறந்தது. எலும்பும் தோலுமாக ஆனாள். மாங்கனிக் கேள்வியை அவளுக்கு நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. கேட்டிருந்தால், மூன்று ஆனியாக அவள் வாசற்படியைக் கூடத் தாண்டவில்லை என்பது எனக்கு விளங்கியிருக்கும்.

"நர்ஸ் வீட்டுல தாயைப் பட்டினி போட்டா" என்று ஊர் பேசிவிடுமே என்று பயந்தேன். மூக்கில் டியூப் போடச் சொன்னேன். டாக்டர் தயங்கினார், நான் பிடிவாதம் பிடித்தேன். அம்மா அதைப் பிடுங்கினாள். மறுபடி போட்டேன். மறுபடி பிடுங்கினாள். அப்புறம் என் கையாலேயே காஸ் துணியால் அவள் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியில் கட்டினேன். மெத்தென்றுதான் கட்டினேன், கண்ணு. அவள் என்னைப் பார்த்த பார்வையில், யாரென்று தெரியாத ஒரு பொம்பளை தன்னைக் கட்டிப்போடுகிறாள் என்பது மட்டும்தான் இருந்தது. பதினேழு நாள். டியூப் போட்டும் சளி நெஞ்சில் இறங்கத்தான் செய்தது.

முற்றிய மறதி நோயில் டியூப் உணவு ஆயுளையும் கூட்டாது, உணவு நுரையீரலுக்குள் போவதையும் தடுக்காது என்று பிற்பாடு படித்தேன். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இதற்கு மாற்று வழியாகக் கையால் ஊட்டுவதைச் சொல்கிறது. பொறுமையாக, கரண்டி நுனியில், விழுங்கும் அளவுக்கு. வாயை மூடிக்கொண்டால் நிறுத்திவிடுவது. அவளுக்குப் பிடித்த பால்சோற்றை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்திருக்கலாம். அந்தப் பதினேழு நாளும் என் கை அவள் தலையைக் கோதியபடி இருந்திருக்கலாம்.

நாளைக்கு ஒரு மகள் உன் முன்னால் நின்று, "ஏதாவது செய்யுங்க டாக்டர்" என்று அழுவாள். அவளிடம் "ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லாதே. வாயை ஈரத்துணியால் துடைப்பது, வலிக்கு மருந்து, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, காதருகே பேசுவது என்று செய்ய எவ்வளவோ இருக்கிறது. அவள் கைக்கு ஒரு வேலை கொடு.

10. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே பேசிவிடச் சொல்.

நினைவு தப்பிய பிறகு எனக்கு இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஒப்புக்கொண்டது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் எழுதினால் போதும் என்றார்கள்.

நானும் எழுதிவிட்டேன். பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. எனக்காகப் பேச வேண்டியவர்கள் என்று உன் அப்பா பெயரையும் உன் பெயரையும் போட்டிருக்கிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டு போட்டிருக்க வேண்டும். லீவில் வரும்போது படித்துப் பார், சம்மதம் இல்லையென்றால் மாற்றிவிடலாம்.

கூடவே இதையும் குறித்துக்கொள். எனக்கு இப்போது 73. இந்த ஆனியில் கைலாசநாதர் கோயில் முக்கு வரைக்கும் நடந்துதான் போனேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். போன வருடம் ஒரே இடத்தில்தான். ஒரு பழம் என் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து நானே எடுத்தேன்.